இரண்டாம், நான்காம் சனிக்கிழமை

விவாகரத்து வழக்கென்று வருகிறவர்கள் சட்டத்தரணியிடம் முதலில் கேட்பது "பிள்ளை யாருக்கு?" என்பதைத்தான். ஆலையடிவேம்பிலிருந்து அம்மா வந்தாலும் அக்கரைப்பற்றிலிருந்து வாப்பா வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. நீதிமன்றம் இதற்கு விடை சொல்லும் என்று நம்பித்தான் வருகிறார்கள். இந்தக் கிழக்குக் கரையோரத்தில் நீண்ட காலம் குடும்ப வழக்குகளோடு பழகியதில் எனக்குத் தெளிவானது வேறு. வீட்டுச் சண்டை முற்றிய வாரத்தில் பிள்ளை எந்த வீட்டில் படுத்துறங்கியதோ, பெரும்பாலும் அங்கேயே அந்தக் கேள்விக்கு விடை எழுதப்பட்டு விடுகிறது. அதைக் கலைக்க நீதிமன்றம் லேசில் துணிவதில்லை. நீதிபதியின் கையில் உண்மையாக மிஞ்சுவது இரண்டாவது கேள்வி: பிள்ளையோடு இல்லாத தாயோ தகப்பனோ பிள்ளையை எப்போது, எங்கே, எப்படிப் பார்ப்பது? இரு தரப்பும் களைத்துப்போன ஒரு தவணையில் இரண்டு வரியில் எழுதி முடிக்கப்படும் அந்தப் பகுதிதான் பிள்ளையின் அடுத்த பத்து வருடத்தை நடத்துகிறது. குடும்ப வழக்கில் நாம் செலவழிக்கும் உழைப்பின் பெரும்பகுதி அங்கே போக வேண்டும் என்பதே என் வாதம்.

பிள்ளை வழக்கு என்றதும் கல்முனையின் பெயர் ஒருமுறை உலகம் முழுவதும் அடிபட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று கண்டெடுக்கப்பட்டுக் கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது நோயாளியாகப் பதியப்பட்ட கைக்குழந்தையைப் பலர் உரிமை கோருவதாகச் செய்திகள் பரவின. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் முடிவு வந்து, குழந்தை பெற்றோரிடம் போனது. நீதிமன்றத்தால் பிள்ளை விடயத்தில் திட்டவட்டமான தீர்ப்புத் தர முடியும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகு எங்கள் ஊர்களில் பலமாக வேரூன்றியது. ஆனால் அந்த வழக்கில் இருந்தது விடையுள்ள கேள்வி, பெற்றவர் யார் என்பது. விவாகரத்தில் இருவருமே பெற்றவர்கள். யாரோடு இருந்தால் பிள்ளை நன்றாக வளரும் என்பதைச் சொல்ல எந்த ஆய்வுகூடமும் இல்லை. நீதிபதி பத்து வருடத்துக்கு முன்னே பார்த்து ஊகிக்க வேண்டும். கையில் இருப்பதோ இரண்டு சத்தியக்கடதாசியும் ஒரு நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையும்.

சட்டம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையின் பொதுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். திருமணம் நிலைத்திருக்கும்வரை பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர் தகப்பனே என்பது அதன் அடிப்படை. 1956இல் இவால்டி எதிர் இவால்டி வழக்கில் உயர் நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்பதுபோன்ற விசேட காரணம் இருந்தால்தான் தகப்பனின் உரிமையில் நீதிமன்றம் கைவைக்கும் என்பது அதன் சாரம். விவாகரத்து ஆன பிறகு குற்றமற்ற தரப்புக்கே பிள்ளை என்ற எண்ணமும் கூடவே இருந்தது. நமது சட்டத்தில் விவாகரத்தே யாராவது ஒருவரின் குற்றம் அல்லது குறையின்மேல்தான் நிற்கிறது: பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. எனவே பிள்ளையும் ஒருவகையில் வழக்கில் வென்றவருக்கான பரிசாகவே பேசப்பட்டது. இந்த நிலையைப் பாராளுமன்றம் மாற்றவில்லை. நீதிபதிகள் ஒவ்வொரு தீர்ப்பாகத் தள்ளித் தள்ளி, தகப்பன் உரிமையைப் பின்னுக்கும் பிள்ளையின் நலனை முன்னுக்கும் கொண்டுவந்தார்கள். இலங்கை 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது அந்தப் போக்குக்குத் துணையாக நின்றது. இதே ரோமன் டச்சுச் சட்டத்தை வைத்திருந்த தென்னாபிரிக்கா 1993இல் ஒரு சட்டம் இயற்றித் தாயையும் தகப்பனையும் சம பாதுகாவலராக்கியது. நாமோ இன்றும் தீர்ப்புக் கோவைகளைப் புரட்டித்தான் தாயின் உரிமையை நிறுவுகிறோம்.

ஆனால் இந்தக் கரையில் சட்டம் தொடங்கும் இடமும் வாழ்க்கை தொடங்கும் இடமும் எதிரெதிரானவை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வரை முஸ்லிமாக இருந்தாலும் தமிழராக இருந்தாலும் வீடு பெண்ணுடையது. மகளுக்கு வீடு கட்டி, உறுதியை அவள் பேரில் எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். பெண்ணின் தாயும் தகப்பனும் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார்கள். குடி எனப்படும் குலமும் தாய்வழியில்தான் வருகிறது. மட்டக்களப்புப் பகுதியின் பழைய முக்குவர் சட்டத்தில் சொத்தும் தாய்வழியே இறங்கியது. அந்தச் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தது, வீட்டு வழக்கம் ஒழியவில்லை. ஆகவே குடும்பம் உடையும்போது இங்கே வீட்டைவிட்டு வெளியேறுவது புருஷன். பிள்ளை உறங்கும் பாய், போகும் பாடசாலை, சோறு போடும் உம்மம்மா அல்லது அம்மம்மா எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பெண் புருஷன் வீட்டுக்குப் போய் வாழும் ஊர்களில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய பிறகு வழக்காடுகிறாள். இங்கே அவள் தன் சொந்த விறாந்தையிலிருந்தபடியே வழக்காடுகிறாள். பிள்ளையின் நிலையான வாழ்வைக் குலைக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லும்போது, அக்கரைப்பற்றில் அதன் நடைமுறைப் பொருள் தாயின் வீட்டைக் குலைக்காதே என்பதுதான்.

முஸ்லிம்களுக்கு இது இன்னொரு வழியாகவும் அதே வாசலுக்கே வந்து சேர்கிறது. இங்கே பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின்படி, விபரம் அறியும் வயதுவரை, அதாவது சுமார் ஏழு வயதுவரை, பிள்ளையை வளர்க்கும் உரிமை உம்மாவுக்கு. அதன்பின் பிள்ளையின் விருப்பம் கேட்கப்படும். உம்மா பிள்ளைக்கு அந்நியரான ஒருவரை மறுமணம் செய்தால் அந்த உரிமை போகும். பல வாப்பாமார் இந்தக் கடைசி விதியை மட்டும் பிடித்துக்கொண்டு வருவார்கள். அடுத்த வரியைச் சொல்ல வேண்டியிருக்கும்: உம்மாவுக்கு அடுத்து நிற்பது வாப்பா அல்ல, உம்மாவின் உம்மா. அவர் இருப்பதோ அதே வளவில்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத விடயம், காதி நீதிமன்றத்துக்குப் பிள்ளையின் பொறுப்பைத் தீர்மானிக்கும் அதிகாரமே இல்லை என்பது. 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் தலாக், பஸஹ் என்னும் விவாகரத்துகள், மஹர், தாபரிப்பு ஆகியவற்றைக் காதியிடம் கொடுத்தது. பிள்ளை யாரிடம் என்பதைக் கொடுக்கவில்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் விடயம். காதி முன்னால் சட்டத்தரணி தோன்றவும் முடியாது. ஆகவே உம்மாவும் வாப்பாவும் காதி முன்னிலையில் "பிள்ளை உம்மாவோட, வாப்பா வந்து பார்க்கலாம்" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டு, விடயம் முடிந்ததாக வீட்டுக்குப் போவார்கள். அந்தக் காகிதம் நல்லெண்ணம் இருக்கும்வரை வேலை செய்யும். யாராவது ஒருவர் முரண்டு பிடித்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். தமிழ்க் குடும்பத்துக்கும் அலைச்சல் குறைவில்லை. விவாகரத்தும் பிள்ளைப் பொறுப்பும் மாவட்ட நீதிமன்றத்தில், 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்தில். முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2009இல் நியமிக்கப்பட்டு 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதைப்பற்றிய விவாதம் முழுக்கத் திருமண வயது, பலதாரம், பெண் காதி என்பவற்றைச் சுற்றியே ஓடியது. அவை முக்கியமானவைதான். ஆனால் ஒரே குடும்பத்தின் ஒரே துயரத்தை இரண்டு மூன்று வாசல்களில் பிரித்துப்போடும் இந்த ஏற்பாட்டால் பிள்ளைக்கு வரும் கேடு பற்றி மேடைகளில் பேசியவர்கள் குறைவு.

பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்பதை இவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டால், முந்திக்கொண்டு பிள்ளையைத் தூக்குபவருக்கு அல்லவா அது வெகுமதி என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம். பாடசாலை வாசலில் வைத்துப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் சம்பவங்கள் இங்கே நடக்காதவை அல்ல. அதற்கு மருந்து ஆட்கொணர்வு மனு. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இந்த மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் கொடுத்ததால், அதற்காகக் கொழும்புக்கே போய் வரவேண்டிய நிலை மாறியது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 619 முதல் 622 வரையான பிரிவுகள் வழக்கு நடக்கும்போதே இடைக்காலக் கட்டளை கேட்கவும் வழி விடுகின்றன. ஆனால் இந்த மருந்துகள் நாட்கணக்கில் வேலை செய்தால்தான் மருந்து. நான்கு மாதம் தவணை போன பிறகு பிள்ளை புதிய பாடசாலையில் சேர்ந்திருக்கும், புதிய கூட்டாளிகள் சேர்ந்திருப்பார்கள். தூக்கிப்போன இடமே அப்போது நிலையான இடமாகிவிடும். எனவே முதல் இரண்டு வாரத்துக்குள் ஓடிப்போய் மனுப் போட வேண்டும் என்று கட்சிக்காரருக்குச் சொல்வது சட்டத்தரணியின் கடமை. அதைவிட்டு "பாத்துப் பேசி முடிப்பம்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் மாதக்கணக்கில் விட்டுவிடும் பழக்கம், நல்ல மனதோடு செய்யப்பட்டாலும், பல பிள்ளைகளுக்குத் தீங்கே செய்திருக்கிறது.

இனிப் பார்க்கும் உரிமை. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கட்டளைகளில் "தகுந்த நேரங்களில் பிள்ளையைப் பார்வையிடலாம்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். தகுந்த நேரம் எது என்பதில்தான் இருவரும் பேச முடியாத நிலைக்கு வந்திருக்கிறார்கள் என்பதை அந்த வரி கவனிக்கவில்லை. பின்னர் "ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை" என்று எழுதும் பழக்கம் வந்தது. அது முன்னேற்றம்தான். ஆனால் எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குச் சனிக்கிழமை காலை முழுக்க ரியூஷன். மாலையில் குர்ஆன் மத்ரசா. தமிழ்ப் பிள்ளைக்கு ஞாயிறு அறநெறி வகுப்பு. வாப்பா ஓட்டோவில் ஒன்பதரைக்கு வந்து நிற்பார், பிள்ளை வகுப்பில் இருக்கும். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை வந்து சாப்பிட்டு, குளித்து, மூன்று மணிக்கு மத்ரசாவுக்குப் போக வேண்டும். "பிள்ளைய அனுப்ப ஏலா, கிளாஸ் இருக்கு" என்று உம்மா சொல்வது உண்மை. "என்னைப் பார்க்க விடுறாங்க இல்ல" என்று வாப்பா சொல்வதும் உண்மை. அடுத்த தவணையில் இருவரும் சத்தியக்கடதாசியில் ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. கட்டளை பிள்ளையின் நேர அட்டவணையைப் பார்க்காமல் எழுதப்பட்டது.

விடுமுறையும் அப்படித்தான். "பாடசாலை விடுமுறையில் பாதி நாட்கள்" என்று எழுதிவிடுகிறோம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை வரும். தமிழ்ப் பாடசாலைகளின் விடுமுறை அதோடு பொருந்துவதில்லை. நோன்பு விடுமுறையின் பாதி என்றால் பெருநாள் யாருக்கு? திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் தகப்பனோடு போய்ப் பழகிய பிள்ளையை அந்த வருடம் யார் கூட்டிப்போவது? நாளின் பெயரைக் கட்டளையில் எழுதிவிட்டால் சண்டை இல்லை. எழுதாமல் விட்டால் ஒவ்வொரு பெருநாளும் ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்பும் ஒரு வழக்காகிறது. பிள்ளையை ஒப்படைக்கும் இடமும் அப்படி. பொலிஸ் நிலையத்தில் வைத்து ஒப்படைக்கும்படி எழுதுவதை நான் எதிர்க்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் என்றால் பொலிஸ் நிலையத்து வாங்கு என்று மனதில் பதிந்தால், பிறகு எந்தக் கட்டளையாலும் அதை அழிக்க முடியாது. பாடசாலை முடியும் நேரத்தில் தகப்பனே போய் நேரடியாகக் கூட்டிப்போவது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரிவரும். முன்னாள் கணவனும் மனைவியும் அங்கே முகம் பார்க்க வேண்டியதில்லை.

மத்திய கிழக்கு இந்த வழக்குகளின் முகத்தையே மாற்றிவிட்டது. தகப்பன் கட்டாரில் சாரதியாக இருந்தால் இரண்டாம் சனிக்கிழமைக்கு என்ன அர்த்தம்? தாய் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தால் பொறுப்பு உண்மையில் யாரிடம்? சிறு பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்த 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறை வந்தது. ஐந்து வயது என்றிருந்த எல்லையை 2022இல் இரண்டாகக் குறைத்தார்கள். நீதிமன்றத்தில் இந்தப் பயணம் தாய்க்கு எதிராகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்: பிள்ளையை விட்டுப் போனவள் என்று ஒரு வரி. தகப்பன் அதே விமானத்தில் போனால் அவன் உழைக்கப் போனவன். இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை, மனதில் மட்டும்தான் இடமிருக்கிறது. பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அனுப்பும் அம்மம்மாவின் பெயர் கட்டளையில் எங்குமே இராது. அவருக்கு வருத்தம் வந்தால் என்ன செய்வது என்றும் எழுதப்பட்டிராது. மறுபக்கம், கைபேசி ஒரு நல்ல காரியம் செய்தது. 2020 ஊரடங்கில் நேரில் பார்ப்பது நின்றபோது வட்ஸ்அப், இமோ அழைப்புகள்தான் பல பிள்ளைகளுக்குத் தகப்பனின் குரலைக் கொண்டுவந்தன. அந்த வருடம் ஜனவரியிலேயே இந்திய உச்ச நீதிமன்றம் யஷிதா சாஹு வழக்கில், தூரத்தில் இருக்கும் பெற்றார் தினமும் சில நிமிடங்கள் பிள்ளையோடு காணொளியில் பேச வழி செய்யலாம் என்று சொல்லியிருந்தது. நமது கட்டளைகளிலும் அழைப்புக்கு நாளும் நேரமும் எழுதுவது கஷ்டமான காரியமல்ல. யாருடைய போனில் என்பதையும் எழுத வேண்டும். தாயின் போனில் என்றால் அது பிள்ளையின் அழைப்பாக இராது, பழைய சண்டையின் தொடர்ச்சியாகிவிடும்.

தாபரிப்புக் கட்டாதவனுக்கு எதற்குப் பிள்ளை என்று கேட்கும் தாய்மாரின் கோபம் எனக்குப் புரிகிறது. பால்மாவும் ரியூஷன் காசும் அவள் தலையில்தான் விழுகின்றன. ஆனாலும் இரண்டையும் முடிச்சுப்போடுவதை நான் ஏற்கவில்லை. காசைக் கறக்கச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது, சிறைவரை. பார்க்கும் உரிமை தகப்பனுக்குக் கொடுக்கும் சம்பளம் அல்ல. சமவாயத்தின் 9ஆவது உறுப்புரை பெற்றாரோடு தொடர்பில் இருப்பதைப் பிள்ளையின் உரிமையாகத்தான் சொல்கிறது. தகப்பனின் கடனுக்குப் பிள்ளையின் பொருளைப் பறிமுதல் செய்வது நீதியாகாது. இதே காரணத்தால், பார்க்க விடவில்லை என்று தாபரிப்பை நிறுத்தும் தகப்பனும் பிள்ளையின் சோற்றில்தான் கை வைக்கிறான்.

அடிக்கிறவன் விடயம் வேறு. பிள்ளையைப் பார்க்கும் சாட்டில் தாயை மிரட்ட வருபவன் உண்டு. அங்கே நான் மேலே சொன்ன தாராளம் பொருந்தாது. 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதம்வரை நிற்கும். அந்தக் கட்டளை நீதவான் நீதிமன்றத்தில் இருக்க, பார்க்கும் கட்டளை மாவட்ட நீதிமன்றத்தில் அதைப்பற்றி ஒன்றுமே தெரியாமல் பிறப்பிக்கப்படுவது ஆபத்து. சட்டத்தரணிதான் ஒன்றின் பிரதியை மற்றதில் இணைக்க வேண்டும். இப்படிப்பட்ட குடும்பத்தில் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் ஒரு மணி நேரம், அதுவும் பிள்ளைக்குப் பயம் இல்லையென்றால். பிள்ளைக்குப் பயமென்றால் அதுவும் வேண்டாம்.

"பிள்ளையே வரமாட்டன் எண்டுது" என்பதுதான் கடைசியாக வரும் ஆட்சேபம். பிள்ளையைக் கேட்க வேண்டும் என்பதில் சமவாயமும் ஷாபிஈ சட்டமும் ஒன்றுபடுகின்றன. கேட்கும் விதத்தில்தான் தவறுகிறோம். திறந்த மன்றில் அல்ல, நீதிபதியின் அறையில் தனியாகக் கேட்கப்படும்போதும், "யாரோட இருக்க விருப்பம்?" என்று கேட்பது ஏழு வயதுப் பிள்ளையிடம் தீர்ப்பெழுதச் சொல்வதற்குச் சமம். வெளியே வாகனத்தில் காத்திருப்பவர் யாரோ, பதில் பெரும்பாலும் அவருடையது. காலையில் யார் எழுப்புவார், வகுப்பு ரீச்சரை யார் சந்திக்கப் போவார், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டால் பிள்ளை உண்மையைத் தானாகவே சொல்லும். வீட்டுக்குப் போகும் உத்தியோகத்தர்களின் அறிக்கைகளும் அறை எத்தனை, மலசலகூடம் உண்டா, மின்சாரம் உண்டா என்பதில் நின்றுவிடாமல் இந்தக் கேள்விகளுக்கு வந்தால் நீதிபதியின் ஊகம் கொஞ்சமாவது நிலத்தில் நிற்கும்.

இவ்வளவையும் எழுத நீதிமன்றத்துக்கு நேரம் எங்கே என்பார்கள் என் தொழில் நண்பர்கள். காணி வழக்குகளும் கடன் வழக்குகளும் நிரம்பி வழியும் மன்றில் ஒரு பிள்ளையின் ரியூஷன் நேரத்தை யார் கேட்டுக்கொண்டிருப்பது? நீதிபதி கேட்க வேண்டியதில்லை. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் வழக்கேட்டில் இணக்கம் பதியுமுன் ஒரு பக்கத் தாளில் வாரநாள், விடுமுறை, பெருநாள், அழைப்பு நேரம், ஒப்படைக்கும் இடம், கூட்டிப்போக அனுமதியுள்ள உறவினர் பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். அரை மணி நேர வேலை. அந்தத் தாள் இல்லாத வழக்குகளில்தான் நீதிமன்ற அவமதிப்பு மனுக்கள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. பிள்ளை வளரும், பாடசாலை மாறும், ஒருவர் மறுமணம் செய்வார், ஒருவர் குவைத்துக்குப் போவார். ஆகவே அதே தாளின் அடியில், ஒரு வருடம் கழித்து இந்த ஏற்பாட்டை மட்டும் மீளப் பார்ப்பதற்கென ஒரு தவணைத் திகதியும் போட்டுவிட வேண்டும்.